ஒரு மெட்டு, இரண்டு பாட்டு: கான்சாஸிலிருந்து ரங்கூனுக்கு

கிட்டார் பழகுகிற எல்லோரிடமும் ஒருநாள் ‘டஸ்ட் இன் த விண்ட்’ வந்து சேரும். எந்த ஊர் வகுப்பாக இருந்தாலும் சரி, சிங்கப்பூரோ டொராண்டோவோ லண்டனோ, ஆசிரியர் ஒரு கட்டத்தில் அந்தப் பாட்டை எடுத்து நீட்டுவார். பெருவிரல் கீழ்ச்சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னுகிற ‘டிராவிஸ் பிக்கிங்’ முறைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பாட்டே அப்படி ஒரு விரல் பயிற்சியாகப் பிறந்ததுதான். கான்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கெரி லிவ்கிரன் வீட்டில் உட்கார்ந்து விரல் பழகிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, இது நன்றாக இருக்கிறதே, சொல் போட்டுப் பாட்டாக்கலாமே என்றாராம். 1977-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் அது சேர்ந்தது. 1978-இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது. நீளநீளமான, சிக்கலான பாட்டுகளுக்குப் பெயர் போன அந்தக் குழுவை இன்று பாதிப் பேர் நினைவில் வைத்திருப்பது மூன்றரை நிமிடம்கூட ஓடாத, டிரம் சத்தமே இல்லாத இந்த ஒரு பாட்டுக்காக.

நான் சொல்ல வந்தது இந்த மெட்டில் இருக்கும் இன்னொரு பாட்டைப் பற்றி. அதன் பெயர் ‘கபா மச்சே பூ’. பர்மிய மொழிப் பாட்டு. எழுதியவர் நைங் மியன்மா என்ற பாடலாசிரியர். ஆண்டு 1988. 2021 பிப்ரவரியில், ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாளிலிருந்து யாங்கூன் வீடுகளில் இரவு 8 மணிக்குப் பாத்திரம் பண்டங்களைத் தட்டினார்களே, அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேயை வீட்டை விட்டு விரட்ட அங்கே அப்படித் தட்டுவது பழைய வழக்கம். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் பால்கனிகளிலிருந்து ஒரு பாட்டு எழும். கிட்டார் வகுப்புக்குப் போனவர்கள் அதைக் கேட்டதும் ஒரு கணம் குழம்பியிருப்பீர்கள். இது கான்சாஸ் ஆயிற்றே, இவர்கள் ஏன் இதைக் கை உயர்த்திப் பாடுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்று.

அப்பா பசுந்தாங்கில் பிறந்தவர். நான் சிங்கப்பூரில் பிறந்தவள். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் இரண்டு திசையிலிருந்தும் வந்தது. நான் முதலில் கேட்டது மூலம். அப்பா முதலில் கேட்டது நகல். ‘டஸ்ட் இன் த விண்ட்’டை அவர் முதன்முதலாகக் கேட்டது சிங்கப்பூர் வந்தபிறகு, ஒரு கடைத்தொகுதியின் ஒலிபெருக்கியில். இங்கே யார் இதைப் பகிரங்கமாகப் போடுகிறார்கள் என்று பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாராம்.

நகல் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும்.

தமிழில் ‘காப்பி’ என்றால் பரீட்சையில் எட்டிப் பார்ப்பது. ஒரு இசையமைப்பாளர் காப்பியடித்துவிட்டார் என்று சொன்னால் அது வசை. பர்மியத்தில் ‘கோபி தசின்’ என்பது ஒரு பாட்டு வகையின் பெயர், அவ்வளவுதான். தசின் என்றால் பாட்டு. வெளிநாட்டு மெட்டை எடுத்து, பர்மிய வரி புதிதாக எழுதிப் பாடினால் அது கோபி தசின். மெட்டும் சொந்தமாக இருந்தால் அதற்கு வேறு பெயர். இரண்டையும் ஒரே பாடகர் ஒரே கேசட்டில் பாடுவார், யாரும் முகம் சுளிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக அந்த நாட்டின் பாப், ராக் இசையில் பெரும்பகுதி இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கில உலகத்தில் கவர் என்றால் வரிகள் அப்படியே இருக்கும், ஒலி மாறும். ‘டஸ்ட் இன் த விண்ட்’டையே சாரா பிரைட்மன் 1998-இல் ‘ஈடன்’ ஆல்பத்தில் பாடினார். ஸ்கார்பியன்ஸ் குழு 2001-இல் தங்கள் ‘அக்கூஸ்டிகா’வில் பாடியது. குரல் வேறு, வாத்தியம் வேறு, ஆனால் சொல் லிவ்கிரன் எழுதியதுதான். ரங்கூனில் இது தலைகீழ். மெட்டு, கிட்டார் துணுக்கு, இடையிசை எல்லாவற்றையும் முடிந்தவரை மூலம் மாதிரியே வாசிக்கப் பார்ப்பார்கள். அதில்தான் வாசிப்பவரின் பெருமை. மாறுவது சொல். பாடலாசிரியரின் வேலை முழுக்க அங்கேதான்.

அது லேசான வேலை இல்லை. பர்மியத்தில் ஒரே அசையை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் இன்னொரு பொருள். மெட்டு மேலே போகிற இடத்தில் தாழ்ந்து ஒலிக்க வேண்டிய சொல்லைப் போட்டால் கேட்பவர்கள் காதில் உதைக்கும். நம் பாடலாசிரியர்களுக்கு மெட்டுக்கு எழுதும்போது குறிலும் நெடிலும் சரியாக விழுந்தால் போதும். அங்கே சுரத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே காப்பி என்ற சொல்லை வைத்து இதைக் குறைத்து எடை போட்டால் ஏமாந்துபோவோம்.

இந்த வழக்கம் ஏன் அங்கே இவ்வளவு வேர் பிடித்தது? 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபிறகு பர்மா கதவைச் சாத்திக்கொண்டது. அரசு வானொலியில் மேலைநாட்டு மாதிரிப் பாட்டுகளுக்கு இடம் குறைந்தது. 1970-களில் இளைஞர்கள் வானொலிக்கு வெளியே தாங்களே பதிவு செய்து கேசட்டாக விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டுகளுக்கு ‘ஸ்டீரியோ’ என்றே பெயர். கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த டேப்பை ஒருவர் வாங்கி, அதிலிருந்து பத்துப் பேர் பதிந்துகொள்வார்கள் என்று அப்பா சொல்வார். அச்சிலும் கேசட்டிலும் வரும் வரிகளைத் தணிக்கைக் குழு பார்த்த பிறகுதான் வெளியிட முடியும். காப்புரிமை? நாட்டில் இருந்தது ஆங்கிலேயர் காலத்து 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். வெளிநாட்டு மெட்டுக்கு அது பாதுகாப்பு எதுவும் தரவில்லை. அனுமதி கேட்கவும் வழியில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி 1988. அதற்கு முந்தைய செப்டம்பரில், 1987-இல், அரசாங்கம் திடீரென்று 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஈடு எதுவும் தரவில்லை. வங்கியை நம்பாமல் வீட்டில் பணம் வைத்திருந்தவர்களின் சேமிப்பு ஒரே நாளில் வெறும் தாள் ஆனது. அதற்குப் பதிலாக 45, 90 சாட் நோட்டுகள் வந்தன. 9-ஆல் வகுபடும் எண்கள் நே வினுக்கு ராசி என்பது ஊரறிந்த விஷயம். வகுபடாத பணத்தை வைத்திருந்ததுதான் மக்கள் செய்த தப்பு.

1988 மார்ச் 12-ஆம் தேதி ரங்கூன் தொழில்நுட்பக் கழகத்துக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில், எந்த கேசட்டைப் போடுவது என்று தகராறு வந்தது. ஆம், பாட்டு கேசட் தகராறுதான். அது அடிதடியாகி, மறுநாள் போலீஸ் சுட்டதில் போன் மோ என்ற மாணவர் இறந்தார். மார்ச் 16 அன்று இன்யா ஏரிக்கரையில் ஊர்வலம் போன மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். அங்கே இருந்த இடத்தின் பெயர் வெள்ளைப் பாலம். அன்றிலிருந்து மக்கள் அதைச் சிவப்புப் பாலம் என்கிறார்கள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, அதாவது 8-8-88, நாடு முழுக்கத் தெருவில் இறங்கியது. செப்டம்பர் 18-ஆம் தேதி ராணுவம் நேரடியாகவே ஆட்சியை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த மாதங்களில் எழுதப்பட்டதுதான் ‘கபா மச்சே பூ’. கேசட்டில் பதிவாகி, கைமாறிக் கைமாறிப் பரவியது. அப்பாவுக்கு அப்போது 20 வயது. பசுந்தாங்கில் ஒரு தேக்கடையில் கேட்டு, இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாராம். செப்டம்பர் 18-க்குப் பிறகு பாட்டி அந்தக் கேசட்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்.

சரி, இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

லிவ்கிரனின் பாட்டு சொல்வது நிலையாமை. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் போய்விடும், நாம் சேர்த்ததும் நில்லாது, நாம் காற்றில் பறக்கும் தூசி. அமெரிக்கப் பழங்குடி மக்களின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றிய எண்ணம் அது என்று அவர் சொல்லியிருக்கிறார். நமக்கு இது புதிதா என்ன? திருக்குறளில் 34-ஆம் அதிகாரத்தின் பெயரே நிலையாமை. பட்டினத்தார் பாடியதும் இதைத்தான். பௌத்த நாடான பர்மாவில் ‘அநிச்சா’ என்ற பாலிச் சொல்லைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். இறப்பு வீட்டில் அதைச் சொல்லித்தான் ஆறுதல் கூறுவார்கள். ஆகவே கான்சாஸின் பாட்டை அப்படியே மொழிபெயர்த்திருந்தாலே ரங்கூனில் நன்றாக ஓடியிருக்கும்.

நைங் மியன்மா மொழிபெயர்க்கவில்லை. திருப்பிப் போட்டார்.

‘கபா’ என்றால் உலகம். ‘மச்சே பூ’ என்பதற்குச் சரியான தமிழ் தேடினால் எனக்குக் கிடைப்பது ‘தீராது’. நம் ‘தீர்’ மாதிரியேதான் பர்மிய ‘ச்சே’யும். கடன் தீரும், கோபம் தீரும், ஒரு பொருள் இல்லாமல் போய்த் தீரும். ஆங்கிலத்தில் இந்தப் பாட்டுப் பெயரை ‘உலகம் முடியும்வரை திருப்தி அடைய மாட்டோம்’ என்று சுற்றிவளைத்துத்தான் மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் ‘உலகம் தீர்ந்தாலும் தீராது’ என்று சொன்னால் வேலை முடிந்தது. மனக்கணக்கு, ரத்தக்கணக்கு, இரண்டும் அதில் வந்துவிடும்.

இதில் இன்னொரு குத்து இருக்கிறது. பர்மாவின் தேசிய கீதத்தின் பெயர் ‘கபா மச்சே’. சயா தின் இயற்றியது, 1947-இல் ஏற்கப்பட்டது. உலகம் அழியாதவரை இது நம் நாடு என்பது அதன் கருத்து. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று அந்தக் கீதத்தைப் பாடி வளர்ந்த ஒவ்வொருவருக்கும் ‘கபா மச்சே’ என்று கேட்டதும் அடுத்து வருவது தெரியும். அங்கே ஒரே ஒரு ‘பூ’வைச் சேர்த்து, தேசிய கீதத்தின் பெயரையே கொலைக்கணக்குக் கேட்கும் வாக்கியமாக மாற்றிவிட்டார்.

அதை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மூலத்தில் பல்லவியாக ‘டஸ்ட் இன் த விண்ட்’ என்று வருகிறதே, குரல் தளர்ந்து கீழே இறங்குகிற இடம், அங்கேயே வைத்தார். லிவ்கிரன் ‘எல்லாம் போய்விடும்’ என்று கையை விரிக்கிற அதே சுரத்தில் இவர் ‘எதுவும் போகவிட மாட்டோம்’ என்கிறார். வரலாறு ரத்தத்தால் எழுதப்பட்டது என்றும், செத்தவர்களை மறக்க மாட்டோம் என்றும் போகிறது பாட்டு. தூசி இருந்த இடத்தில் ரத்தம். தூசியை ஊதிவிடலாம், ரத்தக்கறை அவ்வளவு லேசில் போகாது.

மெட்டு அதே மெட்டுதான். ஆனால் கேட்கும்போது அது சோகமாகவும் இருக்கிறது, வீம்பாகவும் இருக்கிறது. போராட்டப் பாட்டென்றால் நாம் முரசு மாதிரி ஒன்றை எதிர்பார்ப்போம். இது தாலாட்டு மாதிரி நடக்கிறது. மூலத்தில் கிட்டார்க்காரர் ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருப்பார். எதுவும் ஒரு இடத்தில் நிற்காது என்பதை அந்த விரலே சொல்லிவிடும். நடுவில் வயலினும் வயோலாவும் வரும், ராபி ஸ்டைன்ஹார்ட் வாசித்தது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காத இடம். தெருவில் பாடும்போது இதெல்லாம் காணாமல் போகிறது. ஆயிரம் பேர் பாடுகையில் யார் விரலால் பின்னுவது? கிட்டார் இருந்தால் மொத்தமாக வருடுவார்கள், இல்லாவிட்டால் கைதட்டு. நான் கேட்ட தெருப் பதிவுகளில் வயலின் வரவேண்டிய இடத்தில் கூட்டத்தின் இரைச்சல்தான் இருக்கிறது. இசையாக மட்டும் பார்த்தால் மூலம் நுட்பமானது, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் நகலைத்தான் எடுப்பேன். மூலத்தில் ஒரு தனி மனிதர் மாலை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறார். அது அழகு. நகலில் யோசிக்க நேரமில்லை, ஆனால் அந்தச் சோகத்தைக் கைவிடவும் இல்லை. போகப்போவது நிச்சயம் என்று தெரிந்தும் நிற்பவர்களின் பாட்டு அது. பழைய மெட்டின் நிலையாமை அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் மேலே சொல்லும் ‘தீராது’ இவ்வளவு கனக்கிறது. வேறு மெட்டில் எழுதியிருந்தால் வெறும் கோஷமாகப் போயிருக்கும்.

இது திருட்டுதானே என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் பாரதியாரைக் காட்டினேன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் பண்ணையார், சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனை ஏசுகிற பாட்டு ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதி அந்த வர்ணமெட்டை எடுத்து, ஆங்கிலேய அதிகாரி ஒரு தேசபக்தனை ஏசுவதாக எழுதினார். இன்ன பாட்டின் மெட்டு என்று மேலேயே குறித்தும் வைத்தார். ஒளிக்கவில்லை, ஒளித்திருந்தால் பாட்டே கெட்டிருக்கும். கேட்பவர்களுக்குப் பழைய பாட்டு தெரியும். நந்தனுக்குச் சிதம்பரம், நமக்குச் சுதந்திரம் என்பதை அவர் எழுத வேண்டியதில்லை, மெட்டே சொல்லிவிடும். அப்புறம், கோயில் திருவிழாவில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டுக் கேட்டு வளர்ந்த நாம் யாரைப் பார்த்துக் காப்பி என்று சொல்வது!

இப்போது எனக்குச் சிக்கலாக இருக்கிற பகுதிக்கு வருகிறேன். பாட்டில் ‘நாம்’ என்று ஒன்று இருக்கிறதே, அது யார்?

பசுந்தாங் யாங்கூன் நகரின் கிழக்கே, சிற்றாற்றின் கரையில் இருக்கும் பகுதி. பர்மியத்தில் ‘பசுன்’ என்றால் இறால், ‘தாங்’ என்றால் குன்று. இறால் குன்று. நம்மவர்கள் வாயில் அது பசுமையாகிப் பசுந்தாங் ஆனது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தச் சிற்றாற்றங்கரை நெடுக அரிசி ஆலைகள். மூட்டை தூக்கவும் ஆலையில் உமி அள்ளவும் தெலுங்கரும் தமிழரும் கப்பல் கப்பலாக வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர். 1931 குடிக்கணக்கில் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். ஒரு நகரத்தின் சொந்தக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை அமர்த்தினார்கள். பிறகு சமரசம் ஆனதும் அந்தப் பர்மியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே கலவரம். நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அந்தக் கொந்தளிப்பில்தான் ‘தோ பமா’, அதாவது ‘நாம் பர்மியர்’ என்ற இயக்கம் உருவாயிற்று. அதன் உறுப்பினர்கள் தங்கள் பெயருக்கு முன் ‘தக்கின்’ என்று போட்டுக்கொண்டார்கள். தக்கின் என்றால் எஜமான், வெள்ளைக்காரரைக் கூப்பிட மக்கள் பயன்படுத்திய சொல். நம்மூரில் ஆளாளுக்குப் பெயருக்கு முன் ‘துரை’ போட்டுக்கொண்டால் எப்படியோ அப்படி. நல்ல குறும்பு. அந்த இயக்கத்துக்குப் பாட்டெழுதிய அதே சயா தின்தான் பின்னால் தேசிய கீதத்தையும் இயற்றியவர். ‘கபா மச்சே பூ’ பெயர் சொல்லி அழைக்கும் இரண்டு பெரியவர்கள், கவிஞர் தக்கின் கோடோ மைங்கும் ஆங் சானும், அந்த இயக்கத்தின் வழி வந்தவர்கள்.

அதாவது, எங்கள் கொள்ளுத்தாத்தா கதவைச் சாத்திக்கொண்டு ஆலைக்குள் ஒளிந்திருந்த அந்த மே மாதத்திலிருந்து கிளம்பி வந்த ஒரு ‘நாம்’ அது. அதற்குப் பிறகும் நிறைய நடந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். 1960-களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபிறகு சுமார் 3 லட்சம் பேர் கப்பலேறினார்கள், சென்னையின் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைவீதி. தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனதில் தமிழ்ப் பள்ளிகளும் போயின. 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. 1823-க்கு முன்பிருந்தே அங்கே இருந்த இனமா, பிறகு வந்தவர்களா என்று கேட்டது. மூன்று வகைக்கும் மூன்று நிற அட்டை: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரே அலமாரியில் இரண்டு நிறம் இருக்கிறது. தெருவில் எங்களுக்குப் பெயர் ‘கலா’. நம் கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்தியரைக் குத்திச் சொல்லும் சொல்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, 1988-இல் 20 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் பசுந்தாங் தெருவில் நின்று அந்தப் பாட்டைப் பாடினான் என்றால் அவன் எந்த ‘நாம்’-இல் நின்று பாடினான்? அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “அதெல்லாம் யோசிக்கலம்மா. பக்கத்துல இருந்தவன் பாடினான், நானும் பாடினேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கு ஒருத்தனும் என்னைக் கலான்னு சொல்லல” என்றும் சொன்னார்.

எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றுகிறது. இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டோம். ஆனால் பாட்டைப் பற்றி அது ஒன்றைச் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மெட்டு பர்மியருக்கும் சொந்தமில்லை, எங்களுக்கும் சொந்தமில்லை. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவிலிருந்து வந்தது. பழைய இயக்கப் பாட்டின் மெட்டில் எழுதியிருந்தால் எங்கள் பாட்டி அந்தக் கேசட்டை அரிசிப் பானையில் வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

2021-இல் பசுந்தாங்கிலிருந்து பெரியப்பா மகள், என் அக்கா, போனில் குரல்பதிவு அனுப்பினாள். பாத்திரச் சத்தம், பிறகு பாட்டு. அவளுக்கு 1988-இல் வயது இரண்டு. அந்தத் தெருவில் பாடியவர்களில் பாதிப் பேர் 1988-இல் பிறக்கவே இல்லை. அந்த வாரங்களில் பர்மிய இளைஞர்கள் பலர், ரோஹிங்கியாக்களுக்கும் மற்றச் சிறுபான்மையினருக்கும் நடந்தபோது வாய்மூடி இருந்தோமே என்று சமூக ஊடகங்களில் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். பாட்டின் வரி ஒன்றும் மாறவில்லை. ‘நாம்’ மட்டும் கொஞ்சம் அகலமாகிறதோ என்று அக்கா கேட்டாள். எவ்வளவு நாளைக்கு என்றும் அவளே கேட்டாள்.

இங்கே சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் பொது இடத்தில் கூடிப் பாட முடியாது. ஆகவே பெனின்சுலா பிளாசாவில், பர்மியக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் கட்டடத்தில், பாட்டு அவரவர் போனுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொய்ங்கா சாப்பிடப் போனபோது என் போனில் கான்சாஸ் ஓடியது. பக்கத்து மேசையில் இருந்த பள்ளிப் பையன் எட்டிப் பார்த்து, ரொம்ப வருத்தமாகச் சொன்னான்: “அக்கா, இந்த வெள்ளைக்காரங்க எங்க பாட்டைக் காப்பியடிச்சிருக்காங்க.” நான் திருத்தவில்லை.

2019-இல் மியன்மார் புதிய காப்புரிமைச் சட்டம் இயற்றியது. 2023 அக்டோபர் 31 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டு மெட்டுக்கும் இனி பாதுகாப்பு உண்டு. பாடலாசிரியர்களும் இசைக்கலைஞர்களும் ஏமாற்றப்படக் கூடாது, அதனால் சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் இனி ஒருவர் இப்படி ஒரு பாட்டு எழுத வேண்டுமென்றால் முதலில் அமெரிக்காவிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னேன்.

“யாரு போய்க் கேப்பா? என்னன்னு கேப்பா?” என்றார். பிறகு, இரண்டாம் சரணம் மறந்துபோச்சு, அக்காவுக்குப் போன் போடு என்றார்.